வராதே, நாற்காலி இல்லை

டொலிடோ, ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கொரினுக்கு, வென்டெல் சித்தப்பா எழுதுவது. என் முதுகைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். உன் முதுகு நலமாயிருக்கட்டும்.

மூன்று பள்ளிகள் உன்னை பயாலஜி ஆசிரியையாகக் கூப்பிடுகின்றன, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், எதில் சேர்வது என்று கேட்டிருந்தாய். மூன்று வகையிலும் குப்பை கொட்டியவன் சொல்கிறேன்.

சார்ட்டர் பள்ளி என்றால் அரசாங்கப் பணம், தனி நிர்வாகம், சுவரெல்லாம் லட்சியம். நான் இருந்த இடத்தில் பிள்ளைகளை அதட்டக்கூடாது. இரண்டு முறை கைதட்டி, "எல்லார் கண்ணும் என் மேலே" என்று சொல்ல வேண்டும். அது எனக்குள் ஊறிப்போய்விட்டது. உன் அப்பாவின் இரண்டாம் கல்யாணத்தில், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று பாதிரியார் கேட்டபோது பின்வரிசையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள், நான் எழுந்து இரண்டு முறை கைதட்டிவிட்டேன். மீதி உனக்குத் தெரியும். உன் சின்னம்மா இன்றுவரை என் முகத்தில் விழிப்பதில்லை.

பிறகு தனியார் பள்ளி. சின்ன வகுப்பு, மதியம் சால்மன் மீன், சொர்க்கம்தான். ஆனால் நிதி திரட்டும் விருந்தில் ஆசிரியர்களை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் வீட்டுக்குப் போய் ஒரு நாள் சமைக்க வேண்டும். என்னை எடுத்தவர் பல் டாக்டர். நான் வெங்காயம் நறுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"கெமிஸ்ட்ரில பையனுக்கு பி கிரேடு போட்டிருக்கீங்க. கை தவறிப் போட்டதா?"

"அவன் எழுதினதுக்குப் போட்டது சார்."

சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று புகார் போனது. அடுத்த ஆண்டு எனக்கு வேலை இல்லை.

இப்போதுள்ள அரசுப் பள்ளி, அதாவது உன்னையும் கூப்பிடும் இந்தப் பள்ளி, அதைவிட மோசம். யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் கழித்துவிட்ட பிள்ளைகளையும்தான். எல்லாருக்கும் நாற்காலி கிடையாது. அதனால் ஆகஸ்டில் பள்ளி திறக்குமுன் எங்கள் முதல் வேலை, இன்னும் வராத ஆசிரியர் அறையிலிருந்து நாற்காலி திருடுவது. நேற்று கணக்கு டீச்சர் மர்லீன் வழிமறித்து, "வென்டெல், என் நீல நாற்காலியக் காணோம். ஒரு கால் ஆடும், எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சுருவேன்" என்றாள். முப்பது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவள் பேசுகிற பேச்சா இது? ஆகவே இங்கே வராதே. தனியாரில் சேர், சமையல் கற்றுக்கொள்.

நோய்நொடி இல்லாமல், ஏலத்தில் நல்லவர் கையில் அகப்பட்டு, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
சித்தப்பா

பி.கு: உறையை ஒட்டும் நேரத்தில் டெனீஷா வந்தாள், சார்ட்டர் பள்ளி போன வருஷம் கழித்துவிட்ட பெண். "பயாலஜிக்கு இந்த வருஷமும் டீச்சர் இல்லியாமே சார்?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எங்க அண்ணன் பொண்ணு வர்றா என்று சொல்லிவிட்டேன். அவளே என் பக்கத்து அறையைப் பெருக்கி, உனக்கு நாற்காலியும் போட்டுவிட்டாள். நீல நிறம், ஒரு கால் ஆடும். மர்லீன் தேடிக்கொண்டு வருவதற்குள் வந்து உட்கார்ந்துவிடு.