பிளெவின்ஸை நம்பலாமா?

"முட்டி போச்சு!" என்று வெண்டல் தார்ப் அலறிய அலறலில், அவர் மனைவி ட்ரூடியின் கையிலிருந்த கோழி வறுவல் தட்டு மேஜைமேல் நழுவி விழுந்தது.

"யார் முட்டி? உன்னுதா?"

"என் முட்டி போனா யாருக்கு என்ன நஷ்டம்? பிரையர் முட்டி! என் குவார்ட்டர்பேக்!"

தொலைக்காட்சியில் பிரையரைத் தூக்குப் படுக்கையில் வைத்துக் கொண்டுபோனார்கள். வெண்டல் அவரை நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனாலும் பெற்ற பிள்ளை விழுந்ததைப்போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்தார்.

விஷயம் இதுதான். பென்சகோலாவில் அவர்கள் சர்ச்சைச் சேர்ந்த ஆண்கள் பத்துப் பேர், கோடை முடிகிறபோது கூடி உட்கார்ந்து, நாடெங்கும் அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிற நிஜ ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் பங்கு போட்டு, ஆளுக்கொரு கற்பனை அணி வைத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை நிஜ மைதானத்தில் அந்த ஆட்டக்காரன் பந்தை எறிந்தால் இவர்களுக்குப் புள்ளி, பிடித்தாலும் புள்ளி, எதிராளியிடம் கொடுத்துத் தொலைத்தால் புள்ளி கழியும். எறிகிறவன் குவார்ட்டர்பேக். ஆகவே அவனை நம்பித்தான் பிழைப்பே.

பணம் வைத்து ஆடுவது பாவம். அதனால் போதகர் யூஜின் ஒரு மாற்று ஏற்பாடு செய்திருந்தார். வருஷக் கடைசியில் யார் கடைசி இடத்தில் நிற்கிறாரோ, அவர் வீட்டு வாசல் புல்வெளியில், தெருவைப் பார்த்தபடி, ஒரு ரோஸ் கலர் கக்கூஸ் நடப்படும். அதற்குப் பெயர் கோப்பை. ஒரு வருஷம் அதை அசைக்கக் கூடாது, மூடக் கூடாது, உள்ளே பூச்செடி வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நூலிழையில் தப்பித்த கடைசிக்கு முந்தைய ஆள்தான் அதைக் கொண்டுபோய் நட வேண்டும். பாவமே செய்யாமல் மனுஷனை எப்படி அவமானப்படுத்துவது என்பதில் போதகர் யூஜினை மிஞ்ச ஆள் கிடையாது.

அன்றைய நிலவரப்படி கடைசி இடத்தில் இருந்தவர் வெண்டல். அவருக்கு ஒரு படி மேலே, அவருடைய வருங்காலச் சம்பந்தி ஹாய்ட் லெட்பெட்டர்.

சாதாரண வருஷமாக இருந்தால் வெண்டல் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டிருப்பார். இந்த வருஷம் அப்படியில்லை. மகள் ஷெல்பிக்கும் ஹாய்ட்டின் மகன் ப்ரெண்ட்டுக்கும் கல்யாணம். மாப்பிள்ளை கடற்படை, கப்பலேற நாள் குறித்தாகிவிட்டது. அதனால் கடைசி ஆட்டம் முடிந்து வருகிற சனிக்கிழமையே கல்யாணம், வெண்டல் வீட்டு வாசலில், பெரிய ஓக் மரத்தடியில்.

"வெண்டல், நல்லாக் கேட்டுக்கோ," என்றாள் ட்ரூடி, சிதறிய கோழியைப் பொறுக்கியபடி. "என் பொண்ணு ஒரு கக்கூஸ் பக்கத்துல நின்னு 'சம்மதம்'னு சொன்னா, நான் டாம்பாவுல எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

"டாடி, நீங்க பயப்படாதீங்க," என்றாள் ஷெல்பி. "பிரையருக்குப் பதிலா அந்த டீம்ல வேற யாராவது ஆடுவாங்கல்ல?"

ஆடுவார்தான். கார்டி பிளெவின்ஸ். ஒன்பது வருஷமாகத் தலையில் தொப்பியும் கையில் அட்டையுமாக மைதான ஓரத்தில் நின்றே சம்பளம் வாங்கிய மனிதர்.

பிளெவின்ஸை நம்பலாமா? இந்தக் கேள்வி வெண்டலைத் தூங்கவிடவில்லை. அவர் தொழில் கான்கிரீட். மறுநாள் கலவை லாரியை ஓட்டிக்கொண்டே ரேடியோவில் ஃபுட்பால் நிபுணர்களின் பேச்சைக் கேட்டார். ஒரு நிபுணர், "பிளெவின்ஸ் யாரும் தோண்டாத புதையல்" என்றார். அடுத்தவர், "தோண்டாம விட்டதுக்குக் காரணம் இருக்கு" என்றார். மூன்றாமவர் ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு, "பார்ப்போம்" என்றார். வெண்டலுக்கு அவரைத்தான் பிடித்தது.

யார் அணியிலும் இல்லாத ஆட்டக்காரரை எடுக்க வேண்டுமென்றால், வருஷ ஆரம்பத்தில் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்திருக்கும் பொய்க் காசில் ரகசிய ஏலம் கேட்க வேண்டும். வெண்டல் யோசித்தார். ஹாய்ட் குறுக்கே வந்துவிடுவானோ? வந்தால்? கையிலிருந்த பொய்க் காசு அத்தனையையும் பிளெவின்ஸ் தலைமேல் கட்டினார்.

புதன்கிழமை இரவு சர்ச் சாப்பாட்டில் ஹாய்ட் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தார். சிரிப்பு அடங்கவில்லை.

"சம்பந்தி, பிளெவின்ஸை வாங்கிட்டியாமே?"

"ஆமா. உனக்கு வயித்தெரிச்சலா?"

"எவ்வளவு குடுத்த?"

"எல்லாத்தையும்."

"வேற யாரு கேட்டாங்கன்னு நினைக்கிற?"

வெண்டல் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒருத்தன் கேக்கலடா!" ஹாய்ட் மேஜையைத் தட்டினார். "சும்மா குடுத்திருப்பாங்க! கூடவே துண்டும் தந்திருப்பாங்க!"

ஞாயிற்றுக்கிழமை பிளெவின்ஸ் களத்தில் இறங்கினார். முதல் எறி நேராக எதிராளி கைக்குப் போனது. இரண்டாவது எறி இன்னொரு எதிராளிக்கு. பாரபட்சம் பார்க்காத மனிதர். வெண்டல் தொலைக்காட்சிக்கு ஒரு சாண் தூரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்.

ட்ரூடி வந்து பின்னால் நின்றாள். "வெண்டல், ஒரு முக்கியமான விஷயம். நானும் நதீனும் பேசினோம்." நதீன், ஹாய்ட்டின் மனைவி. "இது இப்படியே போனா—"

"எறியாதே! எறியாதே, பாவி!"

"—கூடாரக்காரங்ககிட்டயும் கேட்டுட்டோம். சனிக்கிழமைக்கு ஒண்ணும் கஷ்டமில்லையாம். ஷெல்பிக்கும் சரிதான். உனக்குச் சரியா?"

மூன்றாவது எறியும் எதிராளிக்குப் போனது.

"சரி, சரி, எல்லாம் சரி! உன் இஷ்டம்!"

"அப்புறம் எங்கிட்ட சொல்லவே இல்லைன்னு குதிக்கக் கூடாது."

"குதிக்கமாட்டேன்மா, தள்ளு, மறைக்குது!"

அந்த வாரம் பிளெவின்ஸால் வெண்டலுக்குக் கிடைத்தது பூஜ்யத்துக்கும் கீழே. போன் இடைவிடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. குடும்பக் குழுவில் ஷெல்பி ஏதேதோ அனுப்பிக்கொண்டிருந்தாள். புள்ளி நிலவரத்தைப் பார்க்க இடைஞ்சலாக இருக்கிறதென்று அந்தக் குழுவின் வாயை அடைத்துவிட்டு, ஆத்திரத்தோடு ஆத்திரமாக பிளெவின்ஸையும் அணியிலிருந்து தூக்கி எறிந்தார்.

அப்பாடா என்றிருந்தது. மறுநாள்வரைதான். ஹாய்ட்டின் குவார்ட்டர்பேக் ஆடும் அணி ஏற்கெனவே எல்லாரையும் ஜெயித்து முடித்திருந்ததால், கடைசி ஆட்டத்தில் அவருக்கு ஓய்வு கொடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. ஹாய்ட் தவித்தார். தவித்து, குப்பையில் கிடந்த பிளெவின்ஸை எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் பிளெவின்ஸின் பயிற்சியாளர், "போன வாரம் பிரையருக்காகப் போட்ட திட்டம். இந்த வாரம் முழுக்க பிளெவின்ஸுக்காகவே புதுத் திட்டம்" என்று சொல்லிவிட்டார். நிபுணர்கள் மூவரும் ஒரே குரலில் புதையல் என்றார்கள். "பார்ப்போம்" என்றவர்கூட!

கடைசி ஆட்டம் வெண்டலுக்கும் ஹாய்ட்டுக்கும் நேருக்கு நேர். தோற்றவர் வாசலில் கோப்பை.

வெண்டலிடம் பொய்க் காசு ஒரு செல்லாக்காசுகூட இல்லை. யாரும் சீந்தாத ஒரு புதுப் பையனைக் குவார்ட்டர்பேக்காக வைத்துக்கொண்டு வெறித்த பார்வையோடு வேலைக்குப் போனார். ஒரு வீட்டுக் கார்ப்பாதைக்குக் கலவை ஊற்றும்போது, மேஸ்திரி வராததால் உதவியாள் ஒருவன் பொறுப்பிலிருந்தான். அவன் ஒவ்வொன்றுக்கும் தன்கூடச் சாப்பிடும் தோழனையே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பெரிய கைக்காரர்கள் சும்மா நின்றார்கள்.

வெண்டல் துள்ளிக் குதித்தார். பிளெவின்ஸ் ஒன்பது வருஷமாகப் பயிற்சியில் யாரோடு ஆடியிருப்பார்? நட்சத்திரங்களோடா? அவர்களெல்லாம் பிரையரோடு! பிளெவின்ஸ் தன்னைப்போலவே ஓரத்தில் நிற்பவர்களுக்குத்தான் எறிந்திருப்பார். அங்கேயே லாரியில் உட்கார்ந்து போனில் தேடினார். லோனி ட்ராஸ்க். பந்து பிடிக்கிறவர். பிளெவின்ஸைப்போலவே பெஞ்சு தேய்த்தவர். யாருக்கும் வேண்டாதவர், இலவசம். புதுத் திட்டத்தில் அவருக்கும் இடமிருந்தது.

அந்த ஞாயிறு இருவரும் வெண்டல் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். மனைவிமார் பூக்கடைக்குப் போயிருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய கிண்ணம் அவித்த வேர்க்கடலை.

பிளெவின்ஸ் எறிந்தார். ட்ராஸ்க் பிடித்தார்.

"எனக்குப் புள்ளி!" என்றார் ஹாய்ட்.

"எனக்கும்தான்!" என்றார் வெண்டல்.

"நீ எதுக்குடா சிரிக்கிற?"

"பிடிச்சவன் என் ஆளு."

ஹாய்ட்டின் முகம் தொங்கிப்போனது. அதன்பிறகு பிளெவின்ஸ் கண்ணுக்கு ட்ராஸ்க்கைத் தவிர வேறு யாரும் தெரியவில்லை. எறிந்தார், பிடித்தார், மறுபடி எறிந்தார், மறுபடி பிடித்தார். டச்டவுன்! இரண்டு சம்பந்திகளும் ஒரே நேரத்தில் குதித்து, ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். மற்ற எல்லா ஆட்டங்களும் முடிந்துவிட்டன. இந்த ஆட்டத்தில் ஒரு நிமிஷத்துக்கும் குறைவுதான் பாக்கி. பிளெவின்ஸின் அணி முன்னால் இருந்தது. ஹாய்ட்டும் முன்னால் இருந்தார், ஒரு புள்ளியில் பத்தில் இரண்டு பங்கு.

"அவ்வளவுதான் சம்பந்தி." ஹாய்ட் சாய்வு நாற்காலியில் காலை நீட்டினார். "கோப்பைக்குள்ள என்ன பூ வைக்கப்போற? என் பொண்டாட்டிகிட்ட நல்ல ஜெரேனியம் இருக்கு."

வெண்டலுக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. ஷெல்பி சின்ன வயதில் அந்த ஓக் மரத்தடியில்தான் பொம்மைக்குக் கல்யாணம் செய்துவைப்பாள். இவர்தான் போதகர். அந்த மரத்தடியில் அவளுடைய கல்யாணத்தை ரோஸ் கலர் பீங்கானோடு நடத்தவைத்துவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அப்போதுதான் பிளெவின்ஸ், ஜெயிக்கிற குவார்ட்டர்பேக் எல்லாரும் கடைசியில் செய்வதைச் செய்தார். நேரத்தைக் கடத்துவதற்காகப் பந்தை வாங்கி, ஒரு எட்டு பின்னால் வைத்து, ஒரு முட்டியைத் தரையில் ஊன்றினார்.

பின்னால் போனால் கணக்கில் ஒரு கெஜம் நஷ்டம். ஒரு கெஜம் நஷ்டமென்றால் ஹாய்ட்டின் கணக்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு புள்ளி போச்சு.

ஹாய்ட் நிமிர்ந்தார். "டேய், என்ன பண்றான்?"

பிளெவின்ஸ் மறுபடியும் முட்டி போட்டார். இப்போது இருவரும் சமம்.

"போடாதே! எழுந்திருடா! நின்னுக்கிட்டே இரு!" ஹாய்ட் தொலைக்காட்சியைக் கட்டிக்கொண்டார். "ஒன்பது வருஷம் நின்ன இல்ல, இன்னும் அஞ்சு செகண்டு நில்லேன்டா!"

பிளெவின்ஸ் சிரித்துக்கொண்டே மூன்றாவது முறையும் முட்டி போட்டார். மைதானமே எழுந்து கைதட்டியது. வெண்டல் வேர்க்கடலைக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினார்.

அன்று இரவு ட்ரூடி களைத்துப்போய் வந்து, "நாளைக்குக் காலையில நானும் நதீனும் ஷெல்பி கவுனுக்குப் போறோம்," என்றாள். வெண்டல் ஜெயித்த கதையைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் தூங்கிவிட்டாள். போகட்டும், வாசலே அவளுக்குச் சொல்லட்டும் என்று வெண்டல் இருந்துவிட்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் கோப்பையை லாரியில் ஏற்றிக்கொண்டு ஹாய்ட் வீட்டுக்குப் போனார். ஹாய்ட் வாசல்படியில் காப்பிக் கோப்பையும் சோக முகமுமாக உட்கார்ந்திருந்தார். புல்லை அழகாக வெட்டியிருந்தது. அங்கங்கே குட்டிக் குட்டியாக மஞ்சள் கொடிகள் குத்தியிருந்தன.

"இது என்ன கொடி?"

"தெரியல. கேஸ் குழாய்க்காரங்களா இருக்கும். நதீன் ஒரு வாரமா எங்கிட்ட ஏதோ சொல்லிட்டே இருக்கா. ஆட்டம் முடியட்டும்னுட்டேன்." ஹாய்ட் பெருமூச்சு விட்டார். "கொஞ்சம் ஓரமா நடேன்டா. சம்பந்தியாச்சே."

"விதின்னா விதி. நட்ட நடுவுல, தெருவைப் பார்த்து!"

நடுப்புள்ளியில் ஏற்கெனவே ஒரு கொடி இருந்தது. அளக்கிற வேலை மிச்சம். அந்தக் கொடியைப் பிடுங்கிவிட்டு வெண்டல் குழி வெட்டினார். பாலத்துத் தூணுக்கு ஊற்றுகிற கலவை, சீக்கிரம் இறுகுகிற ரகம். இரும்புக் கம்பியும் நாலு வைத்தார். இத்தனை வருஷத் தொழிலில் இவ்வளவு பாசமாக ஒரு வேலையும் செய்ததில்லை. காப்பி குடித்து, வேர்க்கடலை கொறித்து, ஹாய்ட்டைக் கேலி செய்து முடித்து, கோப்பையை எட்டி உதைத்துப் பார்த்தார். கால்தான் வலித்தது.

"சூறாவளியே வந்தாலும் ஓக் மரம் போகும், இது போகாது!" என்றார்.

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. அளவு நாடாவோடு இறங்கிய இளைஞன் கோப்பையைப் பார்த்தான், தன் கையிலிருந்த போனைப் பார்த்தான், மறுபடி கோப்பையைப் பார்த்தான்.

"சார், நான் கூடாரக்காரன். என் நடுக் கொடியை யாரு சார் எடுத்தது? சனிக்கிழமை பொண்ணும் மாப்பிள்ளையும் நிக்க வேண்டிய இடம் சார் அது! பொண்ணோட அப்பா ஏதோ பந்தயத்துல எப்படியும் தோத்துடுவாரு, அவர் வாசல்ல கக்கூஸ் வந்துடும்னுதான், ரெண்டு அம்மாவும் சேர்ந்து கல்யாணத்தையே இந்த வீட்டுக்கு மாத்தினாங்க!"