எங்கள் சந்துக்கு வெள்ளம் வந்த விதம்

மட்டாஞ்சேரி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மச்சான் அனீஸ் அவர்களுக்கு, கபீர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம், கணுக்கால் வரை ஈரம். பாலக்காட்டில் நீங்களும் பிள்ளைகளும் காய்ந்த தரையில் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம்.

மச்சான், எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இருபதாம் தேதி மகள் நௌரினுக்கு நிக்காஹ். மாப்பிள்ளைக்கு துபாயில் அந்த வாரம்தான் லீவு, மண்டபமும் கிடைக்கவில்லை, வீட்டு முற்றத்திலேயே என்று முடிவு செய்த பிறகுதான் உங்கள் தங்கை மெஹருன்னிசா காலண்டரைப் பார்த்து, "அன்னைக்குப் பௌர்ணமிங்க, ஓதம் ஏறி காயல் பூரா நம்ம சந்துக்குள்ளே வந்துருமே!" என்று தலையில் கை வைத்தாள். வட்டார வளர்ச்சித் திட்டத்தில் நம் சந்துக்கு வடிகால் உண்டு என்று கேள்விப்பட்டு, எனக்குத் தெரிந்த மலையாளத்தில் நானே, "எங்கள் சந்தில் தவறாமல் வெள்ளம் வருகிறது" என்று மனு எழுதி, படகேறிப் போய் எர்ணாகுளம் ஆபீசில் கொடுத்தேன். அங்கே மனு வாங்குகிற ரமேஷ்பாபு சார் படித்துவிட்டு, "வெள்ளம் வருந்நுண்டல்லோ சேட்டா, சந்தோஷம்!" என்று கையைக் குலுக்கினார். நானும் சந்தோஷம் என்றேன். என்ன சந்தோஷம் என்று கேட்டிருக்க வேண்டாமா?

மறுவாரம் பார்த்தால், நம் சந்து குடிநீர் கிடைத்துவிட்ட இடமாம், வரைபடத்தில் பச்சை அடித்துவிட்டார்கள், வடிகால் வேறு வார்டுக்குப் போய்விட்டது. நௌரின், "வாப்பா, மலையாளத்துலே வெள்ளம்னா தண்ணி. உள்ளே ஏறுதுன்னா, வெள்ளம் கேறுதுன்னு எழுதணும். நீங்க குழாய்லே தண்ணி வருதுன்னு நன்றி சொல்லிட்டு வந்திருக்கீங்க" என்றாள். சாயாக்கடையிலே ஐம்பது வருஷமா வெள்ளம் கேட்டு வாங்கிக் குடிக்கிற எனக்கு இது தோணலையே! விடுவேனா? மறுபடியும் போய், "எங்களுக்கு வெள்ளம் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தேன். மச்சான், மூணாம் நாள் ஆள் வந்து குழாயை அடைச்சுட்டுப் போனான். இப்போ வேண்டாத வெள்ளம் வாசல்லே நிக்குது, வேண்டிய வெள்ளம் நின்னுபோச்சு.

நேற்று நௌரினே ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே பெண்ணைச் சாக்கடைத் தண்ணீரில் நடத்தி அனுப்புவேனோ என்று நினைத்தாலே அழுகை வருகிறது. நீங்கள் நாலு நாள் முன்னதாக வந்து கூட நின்றால் போதும், வேறொன்றும் கேட்கமாட்டேன்.

பெரியவர்களுக்கு ஸலாம், சின்னவர்களுக்கு முத்தம், எல்லோருக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

மச்சினன்,
கபீர்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் ரமேஷ்பாபு சாரே வந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், வடிகால் பாஸ்! இருபதாம் தேதி காலையில் தோண்டுகிறார்கள், மூன்று மாதத்துக்குச் சந்தில் ஆள் நடக்க முடியாதாம். அதனால் நீங்கள் வர வேண்டாம், நிக்காஹ் உங்கள் வீட்டில். நாங்கள் இருநூறு பேர் வருகிறோம். அங்கே வெள்ளம் உண்டல்லவா? குடிக்கிற வெள்ளத்தைத்தான் கேட்கிறேன்.