நொட்டை அண்ணை பார்த்த மென்பொருள்

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில், எதற்கும் நொட்டை, அதாவது குறை, சொல்லும் எங்கள் நொட்டை அண்ணையிடம் நல்ல பெயர் வாங்கிய பொருள் எதுவும் கிடையாது, மனிதரும் கிடையாது. கோயில் பொங்கலில் குழைவு போதாது, ரயில் அறிவிப்பில் குரல் சரியில்லை, என் ஜெர்மன் மொழியோ காதால் கேட்கக்கூடியதே இல்லை.

இலங்கைப் போரில், ஊரில் ஷெல் விழுந்து இரண்டு கண்களையும் இழந்தவர். இங்கே வந்து தொலைபேசி இணைப்பாளராகப் பயிற்சி முடித்து, ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்த்தார். பக்கத்து மேசையில் ஹெல்கா என்ற ஜெர்மன் பெண்மணி. அவருக்கும் பார்வை இல்லை. அதே கட்டடத்தில் தபால் பிரிப்பவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் கணினிகளுக்குள் ஜன்னல்களும் படங்களும் குடிபுகுந்தன. மேலாளர் இருவரையும் கூப்பிட்டார். "புதிய மென்பொருள் வாங்கப் போகிறோம். உங்களுக்குச் சரிவருமா என்று சோதித்துச் சொல்லுங்கள். வராவிட்டால் பொதி கட்டும் பிரிவில் இடம் இருக்கிறது."

ஹெல்கா அன்று மதியம் சாப்பிடவில்லை. அண்ணை இரண்டு பேர் சாப்பாட்டையும் குறை சொல்லிக்கொண்டே தின்றார்.

திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் கருவியை ஓடவிட்டு ஒரு வாரம் சோதித்தவர், என்னைக் கூப்பிட்டார்.

"இதைக் கேளும். எந்தப் பட்டனுக்குப் போனாலும் கிராபிக், கிராபிக், கிராபிக் எண்டு தவளை மாதிரிக் கத்துது. என்ன கிராபிக்? கலியாண ஆல்பமோ?"

"படம் எண்டு மட்டும்தான் அதுக்குத் தெரியுது, அண்ணை."

"செய்தவனுக்கு அதுவும் தெரியேல்லை."

நாற்பத்தொரு குறைகளைத் தானே தட்டச்சு செய்தார். விற்பனையாளர் வந்து, பட்டியலைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "பழகவேண்டும், அவ்வளவுதான். மிக எளிது."

"எளிதோ?" அண்ணை கையை நீட்டித் திரையை அணைத்தார். மவுஸைக் கழற்றித் தன் கோட்டுப் பைக்குள் போட்டார். "இப்போது வருகிற அழைப்பை இழப்பீட்டுப் பிரிவுக்கு இணைத்துக் காட்டுங்கள்."

மேலாளர் பார்த்துக்கொண்டு நின்றார். விற்பனையாளர் தட்டத் தட்டத் தவளை கத்தியது. ஒருவழியாக எங்கேயோ மணி அடித்தது. குளியலறையில் தண்ணீர் ஒழுகுகிறதென்று முறையிட்ட வாடிக்கையாளருக்கு, "இன்று பருப்புச் சூப்" என்று சிற்றுண்டிச்சாலைச் சமையல்காரி பதில் சொன்னது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

"திருத்திக் கொண்டுவாருங்கள். அதுவரை பழையதே ஓடட்டும்" என்றார் மேலாளர்.

நான்கு மாதத்தில் திருந்தி வந்தது. ஒவ்வொரு பட்டனும் தன் பெயரைச் சொன்னது; மவுஸ் இல்லாமலே எல்லாம் ஓடியது. முதல் அழைப்பைத் தவறாமல் இணைத்த ஹெல்கா, நாற்காலியில் சாய்ந்து விம்மி அழுதுவிட்டார்.

"மனிசிக்கு அழக்கூட ஒழுங்காத் தெரியேல்லை" என்று அண்ணை என்னிடம் முணுமுணுத்தார். ஆனால் அவர் கை, கண் துடைக்க எதையோ தேடி, மேசைமேல் அவசரமாகத் துழாவிக்கொண்டிருந்தது. என் கைக்குட்டையை அந்தக் கையில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் தபால் பிரிக்கப் போனேன்.