சிவப்பு மூடியும் சூப்பர்வைசர் சட்டமும்

சூப்பர்வைசர் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். வேலை செய்கிற சாமானை மாற்றக் கூடாது, வேலை செய்யாத சாமானை வைத்திருக்கக் கூடாது. சட்டத்தைப் போட்டவர் அவர். மேல்முறையீட்டை விசாரிப்பவரும் அவரே. அவர் வேலை பார்க்கும் கிடங்கில் அவர் பேச்சை லாரிக்காரர்கூடக் கேட்பதில்லை என்பதால், இந்த ஏற்பாடு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மனைவி மனுப் போட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, ஓவன் கதவு மூட மாட்டேங்குது. ஒரு பக்கம் கருகுது, மறுபக்கம் மாவா நிக்குது."

"கேக் வருதில்ல? அப்ப வேலை செய்யுது."

"வாஷிங் மெஷின் துணி பிழியும்போது பாத்ரூம்லேர்ந்து கிளம்பி ஹாலுக்கே வந்துடுது."

"வந்தா என்ன? துணி வெளுக்குதில்ல?"

அதே சட்டத்தின் இரண்டாம் பாதிப்படி, ஊசி இறங்காத அவளுடைய தையல் மெஷினைப் பழைய சாமான்காரர் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவள் தபால் ஆபீஸில் பார்சல் கவுண்ட்டரில் உட்காருகிறவள். சத்தம் போடுகிறவர்களை நாள் முழுக்கப் பார்த்துப் பழகியவள். அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். சூப்பர்வைசர் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

சட்டத்தின் கை எட்டாத பொருள் ஒன்று உண்டு. ஷெட்டில் நிற்கும் கார். அது வாசலைத் தாண்டி வருஷக்கணக்காகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைத்துவிட்டு, உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். ஹாரன்கூட அடிக்க முடியாது, பேட்டரி கிடையாது. ஆனாலும் அந்தக் கார் மேல் மனுஷனுக்கு உயிர்.

செல்போனில் ஒருத்தர் கார் சாமானுக்குப் பவுடர் கோட்டிங் செய்வதைப் பார்த்த அன்றுதான் வினை ஆரம்பித்தது. துப்பாக்கியால் பவுடரைத் தூவுகிறார், கரண்ட்டுக்கு அது இரும்பில் ஒட்டிக்கொள்கிறது, ஓவனில் வைத்துச் சுட்டால் உருகித் தோல் மாதிரிப் படிந்துவிடுகிறது. அவ்வளவுதான் வித்தை. என் காரின் எஞ்சின் மேல் மூடியை என் கையாலேயே சிவப்பாக்குவேன் என்று சூப்பர்வைசர் சபதம் போட்டார்.

துப்பாக்கியும் பவுடரும் தபாலில் வர வேண்டும். மனைவி கண்ணில் படக் கூடாது. எதிர் வீட்டில் இருந்த ரிட்டயரான பஸ் டிரைவரைப் பிடித்தார்.

"அண்ணே, உங்க பேருக்கு ஒரு பார்சல் வரும். வாங்கி வச்சிடுங்க. தங்கச்சிக்குத் தெரியக் கூடாது."

"என்ன, சேலையா?"

"அதெல்லாம் இல்ல, பவுடர்."

"இந்த வயசுலயா?" என்றார் டிரைவர் அண்ணன். ஆனாலும் சம்மதித்தார். பார்சலும் வந்து சேர்ந்தது. பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது: இதைச் சுட்ட அடுப்பில் மறுபடி சாப்பாடு செய்யவே கூடாது. சூப்பர்வைசர் அதை இரண்டு முறை படித்தார். ஒரே ஒரு மூடிதானே, சுட்டுவிட்டு நன்றாகக் கழுவி வைத்தால் யாருக்குத் தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அதிர்ஷ்டமும் கூட வந்தது. "சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போறேங்க, வர சாயங்காலம் ஆகும்" என்றாள் மனைவி. அவர் முகம் மலர்ந்ததை மறைக்கப் பேப்பரை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார்.

சனிக்கிழமை ஷெட்டில் மூடியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தின்னர் விட்டுத் துடைத்து, கொடிக்கம்பியில் தொங்கவிட்டார். துப்பாக்கியை அழுத்தினார். பவுடர் மூடியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் படிந்தது. அவருடைய மீசை சிவந்தது. டிரைவர் அண்ணன் வாசலிலிருந்தே கேட்டார்: "அந்த வயர் எதுக்குத் தம்பி சும்மா தொங்குது?" அது எர்த் வயர். அதை மூடியில் மாட்ட வேண்டும். மாட்டினார். அப்புறம் பவுடர் சமத்தாக ஒட்டிக்கொண்டது.

ஓவனுக்குள் மூடியை வைத்தால் கதவு மூடவில்லை. ஒரு நாற்காலியை அண்டைக்கொடுத்து, அதில் தானும் உட்கார்ந்துகொண்டார். சந்து வழியே வந்த நாற்றத்தில் கண் எரிந்தது. வெளியே எடுத்தபோது மூடியின் ஒரு பக்கம் ரத்தச் சிவப்பு, மறுபக்கம் கருகிப்போன கத்திரிக்காய் நிறம். ஓவனைப் பற்றி மனைவி சொன்னது நிஜம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்து என்ன, சொல்லவா முடியும்? மூடியைக் கார் டிக்கியில் ஒளித்துவிட்டு, ஓவனைத் தேய் தேய் என்று தேய்த்தார். வாங்கிய நாளில்கூட அது அப்படி மின்னியதில்லை.

மனைவி வந்தாள். மூக்கை உறிஞ்சினாள். சமையலறைக்குள் போனாள். ஓவன் கதவு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டு நிறையக் கேக்கோடு வந்தாள். பின்னாலேயே, கூப்பிட்டு வைத்த மாதிரி, டிரைவர் அண்ணனும் வந்தார்.

"சாப்பிடுங்க."

"எனக்கு வயிறு சரியில்லம்மா."

"மத்தியானம் அண்ணன் வீட்ல ரெண்டு தட்டு உள்ள போச்சாமே?"

"அதனாலதான் சரியில்ல."

டிரைவர் அண்ணன் கையை நீட்டினார். சூப்பர்வைசர் தட்டைப் பின்னால் இழுத்தார். "அண்ணனுக்குச் சுகர்!"

"எனக்கா? எப்பலேர்ந்து?"

"இனிமே வரும். இப்பவே கட்டுப்பாடா இருங்க."

"சரி, அப்ப நான் சாப்பிடறேன்" என்று மனைவி ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

சூப்பர்வைசர் பாய்ந்து அதைத் தட்டிவிட்டார். காரும் மூடியும் அவருக்கு அப்போது ஞாபகத்தில் இல்லை. இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம் மட்டும்தான் இருந்தது.

"சாப்பிடாதம்மா! நான் ஓவன்ல கார் சாமானைச் சுட்டுட்டேன்."

"சுட்டா என்ன? அதான் கழுவிட்டீங்களே, பளபளன்னு."

"கழுவினாலும் போகாது. அதுல இனிமே சாப்பாடு செய்யக் கூடாது."

"அப்ப அந்த ஓவன் இனிமே வேலைக்கு ஆகாதா?"

"ஆகாது."

"சத்தமாச் சொல்லுங்க. அண்ணனுக்குக் காது மந்தம்."

"ஆகாது, ஆகாது, ஆகாது!"

வாசலில் ஹாரன் சத்தம். ஒரு வேன் வந்து நின்றது. வேன்காரர் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கினார். பெட்டி மேல் புத்தம் புது ஓவன் படம்.

சூப்பர்வைசர் படத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். டிரைவர் அண்ணன் கூரையைப் பார்த்தார்.

"அண்ணன் அந்தப் பார்சலை எங்க வந்து வாங்கினார்னு நினைக்கிறீங்க? என் கவுண்ட்டர்லதான். கொட்டை எழுத்தை நானும் படிச்சேன். அதான் அக்காவோட போய்ப் புதுசு பார்த்துட்டு வந்தேன்" என்றாள் மனைவி.

"அப்ப இந்தக் கேக்?"

"அக்கா வீட்ல சுட்டது. நம்ம ஓவனைச் சும்மா திறந்து மூடினேன். கேக் ஜில்லுன்னு இருந்ததே, தட்டிவிடும்போது தெரியலையா?" என்றவள், கொஞ்சம் குரல் தணிந்து, "தட்டிவிட்டதுக்கு ரொம்ப சந்தோஷம்" என்றாள். அதை நிஜமாகவே சொன்னாள். சூப்பர்வைசருக்குக் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

வேன்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "பழைய சாமான் ஏதாவது எடுத்துட்டுப் போகணுமாம்மா?"

"ஓவன் அவருக்கே இருக்கட்டும் தம்பி. இரும்பு சுட நல்லாவே வேலை செய்யுது. ஷெட்டுல ஒண்ணு நிக்குது பாருங்க, அது எந்த வேலையும் செய்யறதில்ல. இந்த வீட்டுச் சட்டப்படி அதை வச்சிருக்கக் கூடாது."

வேன்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஷெட்டைப் பார்த்து நடந்தார். சூப்பர்வைசர் முந்திக்கொண்டு ஓடி, காருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். மீசையில் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது.

"சட்டம் ரத்து! இன்னையோட ரத்து! வேலை செய்யுதா செய்யலையான்னு இனிமே இந்த வீட்ல யாரும் கேட்கக் கூடாது. பிடிச்சிருந்தா வச்சுக்கலாம், பிடிக்கலைன்னா மாத்திக்கலாம்!"

மனைவி வேன்காரர் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்கல்ல தம்பி? அப்ப வேன்ல இருக்கிற வாஷிங் மெஷினையும் இறக்கிடுங்க."