வாசல்ல உக்காந்த மாமியார்

"இனிமே இந்த வீட்டுல கடைச்சரக்கு கிடையாது!"

முக்கோனோ டவுன்ல செபுன்யா இப்படி முழங்கினதுல ரேடியோவே கொஞ்சம் கரகரத்துச்சு. காலையில இருந்து அதுக்குள்ள ஒருத்தன் ஓதிக்கிட்டிருந்தான்: வீட்டுலயே விளையணும், வீட்டுலயே வேகணும், பூமி பிழைக்கணும். செபுன்யாவுக்குப் பூமியைக் காப்பாத்தற வெறி வந்துடுச்சு.

பொண்டாட்டி நபுக்கீரா மண்டி போட்டுக் கேட்டா. புருஷன்கிட்ட மண்டி போட்டுப் பேசறதுதான் அங்க மரியாதை. ஆனா அவளுக்கு முட்டிதான் மடங்கும், நாக்கு மடங்காது.

"மண்ணு வெட்டறது யாருங்க?"

"நீ."

"விதைக்கிறது?"

"நீதான்."

"தண்ணி ஊத்தறது?"

"உன் கைராசி யாருக்குடி வரும்!"

"அப்ப நீங்க?"

"நான்தான் திட்டம்! அப்புறம் எரு. எருவை நானே தேடிக் கொண்டாறேன்."

தேடினான். தினம் மத்தியானம் காலிச் சாக்கைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்புவான். பொழுது சாய, ஒரு கைப்பிடி சாணியோட திரும்புவான். வீட்டுல அவளுக்கு இலையில பொதிஞ்சு அவிச்ச மட்டோக்கே வாழைக்காயும் கீரையும். இவனுக்கு முக்குக்கடையில மரவள்ளிக்கிழங்கும் சுட்ட பன்னிக்கறியும்.

ஒருநாள் நபுக்கீரா மண்டி போட்டா. மூக்கை உறிஞ்சினா.

"ஏங்க, பன்னிக்கறி வாசம் வருதே?"

"பன்னி எருடி. அதுதான் உசத்தியாம்."

"எருவைச் சாக்குல போட்டீங்களா, வாயில போட்டீங்களா?"

செபுன்யாவுக்கு அவசரமா தூக்கம் வந்துடுச்சு.

மறுநாள் சனிக்கிழமை. முக்குக்கடையில முழுப் பன்னி வெட்டற நாள். மத்தியானம் சாக்கை எடுத்துக்கிட்டு முன்கதவைத் திறந்தான். திறந்த வேகத்துலயே படார்னு சாத்தினான்.

வாசப்படிக்கும் கேட்டுக்கும் நடுவுல, பாய் மேல, பெரிய குடை. குடைக்குக் கீழ, தோள்ல ரெண்டு கொம்பு நிமிர்ந்த பச்சை கோமேசி, அந்த ஊர்ப் பொம்பளைங்க உடுத்தற நீள அங்கி. அந்த கோமேசியை அவன் கல்யாணத்தன்னிக்கே தூரத்துல நின்னு பாத்திருக்கான்.

மாமியார்!

அங்க மருமகன் மாமியார் பக்கத்துல போகக்கூடாது. முகம் பாக்கக்கூடாது. மீறினா ஆயுசுக்கும் கை நடுங்கும். அப்படிக் கை நடுங்கின ஒரு சித்தப்பா அவன் குடும்பத்துலயே உண்டு. அவர் சாராயத்தால நடுங்கினாரா, மாமியாரால நடுங்கினாரான்னு இன்னும் முடிவாகல.

"உங்கம்மா எப்படி வந்தாங்க?" கிசுகிசுத்தான்.

"நம்ம தோட்டத்தைக் கேள்விப்பட்டு ஆசைப்பட்டாங்க. மரியாதையா ஒரு வார்த்தை விசாரிங்க."

கதவுக்குப் பின்னாடி நின்னு கும்பிட்டான். "அத்தை சௌக்கியமா?"

நபுக்கீரா வெளிய எட்டிப் பாத்துட்டு வந்தா. "தலையை ஆட்டறாங்க."

"கொஞ்சம் நகந்துக்கச் சொல்லேன். எருவுக்கு நேரமாச்சு."

"முட்டிவலிங்க. உக்காத்தி வச்சா வச்ச இடம்தான்."

பின்பக்கம் ஓடினான். அங்க முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு முகீபியோட நாய். நாய்க்குப் பின்னாடி முகீபி.

"சலோங்கோ! கறி அடுப்புல ஏறியாச்சு, வாய்யா!" இரட்டைப் பிள்ளைக்கு அப்பனை அங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க.

"மாமியார் வாசல்ல உக்காந்திருக்காங்கய்யா!"

முகீபி ரெண்டடி பின்னால போனான். "ஐயையோ! என்னைப் பாத்து மூச்சு விடாதே."

"ஒரு பொட்டலமாவது வேலிக்கு மேல தூக்கிப் போடுய்யா."

"போடுவேன். என் நாய் உன்னைவிட உசரமா குதிக்கும்."

செபுன்யா உள்ள வந்து கெஞ்சினான். "உங்கம்மா எப்பத்தான் போவாங்க?"

"தோட்டம் பூராத் திருத்தினதைப் பாக்காம எழுந்திரிக்க மாட்டாங்க. நான் ஒருத்தி வெட்டினா அடுத்த மழைக்காலம் ஆகும்."

செபுன்யா மண்வெட்டியைப் பிடுங்கினான். அப்படி ஒரு வெட்டு! மண்புழு எல்லாம் குடும்பத்தோட இடம் மாறுச்சு. பாத்தி கட்டினான், கீரை விதைச்சான், வாழைக்கன்னு நட்டான், தண்ணி சுமந்தான். நடுநடுவுல வாசல் பக்கம் திரும்பி, "அத்தை, இதோ ஆச்சு!"ன்னு கத்தினான். அத்தை அசையல. கண்டிப்பான பொம்பளை.

பொழுது சாஞ்சுது. முகீபி ஏப்பம் விட்டுக்கிட்டே வீடு திரும்பற சத்தம் கேட்டுச்சு. கடையில எலும்புகூட மிச்சமிருக்காது. செபுன்யா சேத்தோட சேறா விழுந்து கிடந்தான்.

"முடிஞ்சுதுடி. இப்பவாவது அவங்களை எழுப்பு."

நபுக்கீரா பணிவா மண்டி போட்டா. "நீங்களே தூக்கிட்டு வாங்க. தோலை உரிச்சு அடுப்புல வைக்கணும்."

"ஐயோ, உங்கம்மாவையா?"

"வாழைத்தாரைங்க. அதுக்குத்தானே அம்மாவோட பழைய கோமேசியை மாட்டிக் குடை பிடிச்சிருக்கேன்."

செபுன்யா எட்டிப் போய்க் குடையைத் தூக்கிப் பாத்தான். "அப்ப... உங்கம்மா?"

"அம்மாவா? அவங்க நாளைக்குத்தான் வர்றாங்க."