விடைத்தாளின் பின்பக்கம்

மனித நாகரிகம் ஆற்றங்கரையில் பிறந்தது என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. தேர்வுத் துறையில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டிய உரிமையில் சொல்கிறேன், அது தவறு. நாகரிகம் பிறந்தது கூட்ட அறையில்தான். நீளமான மேஜை, சுற்றிலும் நாற்காலிகள், நடுவில் ஒரு பிஸ்கட் தட்டு, ஓரத்தில் குறிப்பு எழுத ஓர் ஆள். இவை கூடிய இடத்தில் மனிதன் மிருகமாவதற்கு வழியே இல்லை. அந்த ஓரத்து ஆள் நான்தான். 'விடை மறுபரிசீலனை உயர்மட்டக் குழு'வின் செயலர். குழுவின் விதி ஒன்பது சொல்கிறது: 'செயலர் குறிப்பு எழுதுவார், கருத்துச் சொல்லமாட்டார்.' அதை நான் ஒருநாளும் மீறியதில்லை.

அன்று குழுவின் முன் இருந்தது ஒரே ஒரு விடைத்தாள். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியுடையது. தேர்ச்சிக்கு இரண்டு மதிப்பெண் குறைவு. ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றுக்கு அவளுக்கு முட்டை போட்டிருந்தார்கள். அதற்கு நியாயம் கேட்டு விண்ணப்பித்திருந்தாள். கிடைத்தால் பன்னிரண்டாம் வகுப்பு, கிடைக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு. 'தேவைப்பட்டால் அழைக்கப்படுவாய்' என்று சொல்லி, அவளை ஆறாவது மாடி வராந்தாவில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தோம்.

கேள்வி, உலகப் புகழ் பெற்ற நாவல் ஒன்றைப் பற்றியது. ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்ட பள்ளிப் பிள்ளைகள் முதலில் கூட்டம் போடுவார்கள், சட்டம் போடுவார்கள். அப்புறம் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு ஒருவரை ஒருவர் வேட்டையாடுவார்கள். 'பிள்ளைகள் காட்டுமிராண்டிகள் ஆனது ஏன்?' என்று கேட்டிருந்தோம். விடைக்குறிப்பின்படி சரியான பதில்: 'பெரியவர்கள் உடன் இல்லாததால்.'

இந்தப் பெண் எழுதியிருந்தது: 'பெரியவர்களிடம் பார்த்ததைத்தான் செய்தார்கள். கடைசிப் பக்கத்தில் காப்பாற்ற வருகிற பெரியவர் பிள்ளைகளைப் பார்த்து முகம் சுளிக்கிறார். ஆனால் அவர் வந்ததே போர்க்கப்பலில்தான்.'

பதினொரு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. குழு சிறியது, ஆனால் 'உயர்மட்டம்'. தலைவர், அந்த நாவலுக்குப் பத்தொன்பது பதிப்பு கண்ட கைடு எழுதியவர். அவர் பக்கத்தில் பாட வல்லுநர் அம்மா, அந்தக் கைடை வைத்தே பதினாறு வருடம் பாடம் நடத்தியவர். எதிரே மனநல ஆலோசகர், பயிலரங்குகளுக்குப் போய்ப்போய் சான்றிதழ் வாங்கிக் குவித்த இளைஞர். ரகசியம் கருதி எல்லாருடைய கைப்பேசியும் வாசலுக்கு வெளியே ஒரு தட்டில் கிடந்தது.

"போர்க்கப்பலா? அப்படி ஒரு கடைசிப் பக்கமே கிடையாதே!" என்றார் வல்லுநர் அம்மா.

தலைவர் தம்முடைய பிரதியை எடுத்துக் காட்டினார். பழைய புத்தகக் கடையில் வாங்கியது. காடு தீப்பற்றி எரிகிறது, ஒரு பையன் உயிர் தப்ப ஓடுகிறான், பாதி வாக்கியத்தில் புத்தகம் முடிந்துவிடுகிறது. பின்னால் இருந்த தாள்கள் என்றைக்கோ உதிர்ந்துவிட்டன.

"அப்ப முடிவு என்ன சார்?"

"நான்தான் எழுதியிருக்கேனே மேடம், கைடுல. 'பின்னர் பெரியவர்கள் வந்து நிலைமையைச் சீர்செய்தனர்.' வேற என்ன நடந்திருக்க முடியும்?"

"லாஜிக்கா இருக்கு சார்," என்றார் ஆலோசகர்.

இத்தகைய ஆய்வு நேர்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை. இல்லாத பக்கத்துக்கும் பொறுப்பேற்பவர்தானே தலைவர்!

உணவு இடைவேளைக்கு அவர் எழுந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. போன வாரம் கதவில் 'நுண்ணறிவுப் பூட்டு' ஒன்று பொருத்தியிருந்தார்கள். தலைவரின் வலது கட்டைவிரலுக்கு மட்டும்தான் திறக்கும். அவரோ அந்த விரலால் நாலு க்ரீம் பிஸ்கட்டைப் பிரித்து நக்கியிருந்தார். விரலை வைத்தார். பூட்டு இனிமையான பெண் குரலில் சொன்னது: "அடையாளம் தெரியவில்லை. பொறுப்பான நபரை அழைக்கவும்."

"நான்தான்மா அது!" என்றார் தலைவர் பூட்டிடம்.

இருந்த ஒரே தண்ணீர் பாட்டிலைத் திறந்து விரலைக் கழுவினார். பாட்டில் காலி. ஈர விரலைப் பூட்டு இன்னும் மோசமாக அவமதித்தது. மூன்றாவது முறை, "நான்கு மணி நேரம் கழித்து முயலவும்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. தட்டினோம், கத்தினோம். ரகசியத்துக்காகச் சத்தம் வெளியே போகாமல் கட்டிய அறை அது. அலுவலகமே தரைத்தளத்தில் 'மன அழுத்தத்தை வெல்வது எப்படி' பயிலரங்கில் இருந்தது.

இந்த இடத்தில் சாதாரண மனிதர்கள் என்றால் பதறியிருப்பார்கள். நாங்கள் கூட்டத்தைத் தொடர்ந்தோம்.

"எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா வேலைக்காகாது," என்றார் ஆலோசகர். "ஒரு பயிலரங்குல சொல்லிக் குடுத்தாங்க. கையில ஒரு பொருள் இருக்கணும். அது யார்கிட்ட இருக்கோ, அவங்க மட்டும்தான் பேசணும்."

மேஜையில் கைக்கு எட்டியது ஏசி ரிமோட். அதுவே பேச்சுரிமையின் சின்னம் என ஒருமனதாக நிறைவேறியது. பேச வந்தவர்கள் எல்லாரும் முதல் காரியமாகத் தங்களுக்குப் பிடித்த குளிரை வைத்துக்கொண்டார்கள். ஆலோசகருக்குப் பதினாறு, வல்லுநர் அம்மாவுக்கு இருபத்தெட்டு. அரை மணி நேரத்தில் மாணவியின் விடையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் ஜனநாயகம் தழைத்தது.

அடுத்தது உணவுப் பங்கீடு. தட்டில் பதினோரு பிஸ்கட் மிச்சம். பதவி வரிசைப்படி தலைவருக்கு ஐந்து, வல்லுநர் அம்மாவுக்கு மூன்று, ஆலோசகருக்கு மூன்று.

"செயலருக்கு?" என்று ஆலோசகர் கருணையோடு கேட்டார்.

"அவருக்குத்தான் எழுதற வேலை இருக்கே," என்றார் தலைவர். அதையும் நானே எழுதிக்கொண்டேன்.

ஒரு மணிக்கு வல்லுநர் அம்மா சிவப்பு மார்க்கரால் மேஜையின் குறுக்கே கோடு போட்டார். "இந்தப் பக்கம் யாராவது கை வச்சீங்க, நடக்கறதே வேற!" ஆலோசகர் கை வைத்தார். நடந்ததும் வேறாகத்தான் இருந்தது. மார்க்கரைப் பிடுங்கப் போனதில் இருவர் கன்னத்திலும் சிவப்புக் கோடுகள் விழுந்தன. தலைவர் குளிர் தாங்காமல் மேஜை விரிப்பை உருவிப் போர்த்திக்கொண்டு, கழுத்து டையைத் தலையில் சுற்றிக் கட்டிக்கொண்டார். அந்தக் கோலத்திலும் அவர் முகத்தில் தலைமைக் களை குறையவில்லை.

"ரிமோட்ட குடுடா!"

"'டா'வா? சார், நான் உளவியல்ல முனைவர்!"

"நீ எதுல வேணா இருந்துக்கோ, குடு!"

ரிமோட் மேஜைமேல் உருண்டது. மூன்று பேர் பாய்ந்தார்கள். நாலாவதாகவும் ஒருவர் பாய்ந்ததாகச் சொல்கிறார்கள். குறிப்பேட்டில் இவ்வளவுதான் பதிவாகியிருக்கிறது: 'பிற்பகல் 1.40. ஆலோசகரின் மணிக்கட்டில் கடி நேர்ந்தது.'

இரண்டரை மணிக்கு, உதவி கேட்டு ஒரு தாளைக் கதவடியில் தள்ளலாம் என்று தலைவர் முடிவெடுத்தார். தாளுக்கு எங்கே போவது? என் குறிப்பேட்டில் பக்க எண் அச்சிட்டிருக்கிறது, கிழித்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம். கைடைக் கிழிக்கலாமா என்று கேட்டதற்குத் தலைவர் பார்த்த பார்வையை எழுத மை போதாது. மிச்சம் அந்த விடைத்தாள். பதில் எழுதிய பக்கத்தின் பின்புறம் வெற்றாக இருந்தது. வல்லுநர் அம்மா அந்தத் தாளை உருவி, சிவப்பு மார்க்கரால் எழுதினார்: 'அவசரம். உள்ளே பெரியவர்கள் மாட்டிக்கொண்டோம். யாராவது உடனே வரவும்.'

தாள் கதவடியில் நுழைந்து மறைந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பூட்டு, "நல்வரவு" என்றது.

வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். கையில் தாள். மேஜை விரிப்பு போர்த்திய தலைவர், நாற்காலிமேல் நின்ற வல்லுநர் அம்மா, கன்னத்துக் கோடுகள், தரையில் நொறுங்கிய பிஸ்கட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எப்படித் திறந்தே?" என்றார் ஆலோசகர்.

"கதவுக்கு வெளியில காகிதம் ஒட்டியிருக்கு சார். ஏழு குறிப்பு. கடைசில, பூட்டு மக்கர் பண்ணா கீழ இருக்கற பொத்தானைப் பத்து விநாடி அழுத்தணும்னு போட்டிருக்கு."

ஒரு வாரமாக நாங்கள் எல்லாரும் தினமும் அதைக் கடந்துதான் உள்ளே வருகிறோம். முதல் வரிக்குமேல் யாரும் படித்ததில்லை.

தலைவர் டையைத் தலையிலிருந்து அவிழ்த்துக் கழுத்தில் கட்டினார். அந்த முடிச்சு இறுகியதும் நாகரிகம் அறைக்குத் திரும்பிவிட்டது.

"யாரைக் கேட்டு உள்ள வந்தே?"

"நீங்கதான் சார் எழுதியிருக்கீங்க, யாராவது வரச் சொல்லி."

"'யாராவது'ன்னா பெரியவங்க யாராவதுன்னு அர்த்தம்."

அவள் தாளைத் திருப்பினாள். மறுபக்கத்தில் தன் கையெழுத்தும் அதன்மேல் பூச்சியமும் இருப்பதை அப்போதுதான் கண்டாள். முகம் மாறியது. அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அழவில்லை. ஆலோசகரின் மணிக்கட்டையே பார்த்தாள்.

"இது யாரு சார் கடிச்சது?"

"இங்க பெரியவங்க மட்டும்தான்மா இருந்தோம்," என்றார் வல்லுநர் அம்மா.

"அதனாலதான் மேடம் கேக்கறேன்."

அவளை வெளியே அனுப்பிவிட்டுக் குழு நான்கு நிமிடத்தில் முடிவெடுத்தது. விடைத்தாள் தேர்வர் கைக்குப் போய்விட்டது. விதி பதினான்கின்படி, தேர்வர் கைபட்ட விடைத்தாள் மறுபரிசீலனைக்குத் தகுதி இழக்கிறது. பூச்சியம் பூச்சியமாகவே நீடிக்கும். ஒருமனதான தீர்மானம். என் அழகான கையெழுத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டேன். 'கூட்டம் முழுவதும் கண்ணியமாக நடைபெற்றது' என்று கடைசி வரியும் சேர்த்தேன்.

முடிவைச் சொல்ல நான்தான் பெஞ்சுக்குப் போனேன். கேட்டுக்கொண்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சார், உள்ள இருந்தவங்கள்ல அந்த நாவலை முழுசா யாராவது படிச்சிருக்காங்களா?"

"ஒருத்தர் படிச்சிருக்காரும்மா. கடைசிப் பக்கம் வரைக்கும்."

"அவர் என்ன சொன்னாரு?"

"அவருக்குக் கருத்துச் சொல்ல உரிமை கிடையாது."

அவள் படியிறங்கிப் போனாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. 'இந்தப் பெண் எழுதினது சரி, அந்தப் பக்கம் இருக்கு, நான் படிச்சிருக்கேன்' என்று சொல்ல அன்று ஒரு நிமிடம் போதும். அதற்கு முதலில் ரிமோட் கைக்கு வர வேண்டுமே. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அதற்காகப் பாய்ந்தேன். ஆலோசகர் விடவில்லை. அப்புறம் கதவு திறந்தது, ரிமோட் மேஜைமேல் யாரும் தொடாமல் கிடந்தது, நான் பேனாவை எடுத்துக்கொண்டேன்.

கடித்தவர் யார் என்று குறிப்பேட்டில் இல்லை. எழுதுகிறவன் தன் பல்லைப் பற்றி எழுதும் வழக்கம் எங்கள் துறையில் கிடையாது.