மஷிகோ மண்ணின் வாசனை

அக்டோபர் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று, காலை ஆறரை மணிக்கு, குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டு, முழு ஆரோக்கியத்துடன் இருந்த என் வலது மணிக்கட்டுக்கு நானே கட்டுப் போட்டேன். உட்சுனோமியா நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் கௌரவமாக உழைத்து ஓய்வு பெற்ற ஒருவன் இப்படிச் செய்வானா என்று கேட்பீர்கள். அவனுக்கு வாய்த்த மனைவி கினுயோவாக இருந்தால் செய்வான்.

எங்கள் முப்பதாம் திருமண நாளுக்கு அவள் ஒரு பயணம் ஏற்பாடு செய்திருந்தாள். பேருந்தில் ஒரு மணி நேரம் போனால் மஷிகோ, மட்பாண்டங்களின் ஊர். காலையில் அவுரிச் சாயப் பட்டறை, மதியம் சோபா நூடுல்ஸ், பிற்பகல் மட்பாண்டம் சுடும் ஒரு சூளை வீட்டில் தேநீர். கடைசியாக, நான் சக்கரத்தில் உட்கார்ந்து மண் வனைய வேண்டும்.

"உங்க கைவேலையை நான் ஒரு தடவையாவது நேர்ல பாக்கணும்ல," என்றாள்.

அந்தக் கைவேலையை நானே இன்னும் பார்த்ததில்லை. அதுதான் சங்கடம்.

பதினான்கு மாதங்களுக்கு முன், என் ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடிவிட்டதென்று மருத்துவர் சொன்னார். பீர் கூடாது, இறைச்சி குறைய வேண்டும் என்றார். அவர் சொன்னது ஒருமுறை. கினுயோ அதை நாளொன்றுக்கு மூன்றுமுறை, சாப்பாட்டுக்கு முன் சொன்னாள். ஆனால் எங்கள் ஊர் கியோசாவுக்குப் பேர் போனது. மெல்லிய மாவுக்குள் இறைச்சியும் பூண்டும் பொதிந்து, அடிப்பக்கம் மட்டும் முறுகலாக வறுத்து, ஆறாறாக வரிசை கட்டித் தட்டில் கவிழ்ப்பார்கள். பக்கத்தில் பீர் இல்லாமல் அதைத் தின்பது அதற்குச் செய்யும் அவமரியாதை. எனவே, சனிக்கிழமைதோறும் வெளியே போக எனக்கொரு கண்ணியமான காரணம் தேவைப்பட்டது. கியோசாக் கடைச் சுவரில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. எங்கள் ஊரிலேயே, மஷிகோ மண்ணில் மட்பாண்ட வகுப்பு, புதன், சனி. ஆசிரியர் பெயரைக்கூட நான் படிக்கவில்லை. அன்றே கலைஞனாகிவிட்டேன்.

முப்பத்தாறு ஆண்டுகள் பூமிக்கடியில் குழாய்க் கசிவுகளைக் கண்டுபிடித்தவன் நான். என் பொய்யில் ஒரு சொட்டுக்கூடக் கசியாது என்று நம்பினேன். முதல் மூன்று மாதம் வெறுங்கையோடு வந்ததற்குக் காரணம் சொன்னேன்: "ஆரம்பத்துல மண்ணு பிசையறது மட்டும்தான். நாங்கள்லாம் பழைய முறை."

"அப்ப ஏங்க உங்க மேல பூண்டு வாசனை வருது?"

"மஷிகோ மண்ணு அப்படி."

நான்காம் மாதம் சான்று தேவைப்பட்டது. அந்த வகுப்பு மாணவர்கள் செய்தவற்றை ரயில் நிலையத்தின் பின்தெருவில் இனோசே அம்மாள் என்பவர் தம் கடையின் ஓர் அலமாரித் தட்டில் வைத்து விற்றார். நான் புத்திசாலி. அழகான கிண்ணத்தை வாங்கிப் போனால் கினுயோ நம்பமாட்டாள். ஆகவே கடைக்கார அம்மாளிடம் வெளிப்படையாகவே கேட்டேன்: "இருக்கறதுலயே மோசமானது எதும்மா? நானே செஞ்சேன்னா நம்பற மாதிரி வேணும்." அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, மூலையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். விளிம்பு ஒருபுறம் சாய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு குழி. அடியில் மூன்று கீறல்கள்.

அன்று மாலை வீட்டில் சிவப்புப் பயறு கலந்த மங்கலச் சோறு ஆக்கியிருந்தாள். நல்லது நடந்தால் மட்டுமே எங்கள் வீட்டில் அது வேகும். நான் கிண்ணத்தை எடுத்து நீட்டியதும் அவள் இரு கைகளாலும் வாங்கினாள். கவிழ்த்து அடியைப் பார்த்தாள்.

"இது என்னங்க, மூணு கோடு?"

"என் முத்திரை. மண், நீர், நெருப்பு."

"ஓஹோ!" என்றாள். கலையின் முன் பேச்சிழந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அதன்பின் மாதம் ஒன்று. மூன்று கீறல் உள்ளவை எப்போதும் மற்றவற்றைவிடக் கோணலாக இருந்ததால் எனக்குத் தேடும் வேலையும் மிச்சம். பதினான்கு மாதங்களில் பதினோரு கிண்ணங்கள் சேர்ந்தன. இந்த நிலையில்தான் சக்கரம் என்றாள். நான் கட்டுப் போட்டேன்.

"கைக்கு என்னாச்சு?" பேருந்தில் கேட்டாள்.

"குளியலறைக் கதவு இடிச்சிருச்சு."

"அது பக்கவாட்டுல நகர்ற கதவாச்சே?"

"நகர்ந்து வந்துதான் இடிச்சுது."

"வலிக்குதா?"

"தாங்கிக்கலாம். ஆனா சக்கரம்தான்... அடடா, என்ன துரதிர்ஷ்டம் பாரு கினுயோ!"

"பரவால்லைங்க," என்று என் கட்டைத் தடவிக் கொடுத்தாள். "வலது கைக்குப் போட்ட கட்டுல முடிச்சையும் வலது கையாலயே போட்ட மாதிரி இருக்கு. அதான் ஆச்சரியமா இருக்கு."

நான் ஜன்னல் வழியே அறுவடை முடிந்த வயல்களை ரசித்தேன்.

சாயப் பட்டறையில் தரையோடு புதைத்த தொட்டிகள் வரிசையாக இருந்தன. மேலே அவுரியின் நுரை, கரும்பச்சையாகக் கொழகொழவென்று மிதந்தது. ஆளுக்கொரு கைக்குட்டையை நூலால் இறுகக் கட்டி, தொட்டியில் அமிழ்த்தி, வெளியே எடுத்துக் காற்றில் பிடிக்க வேண்டும். பச்சை கண்ணெதிரே நீலமாக மாறும். கினுயோ நேர்த்தியாகச் செய்தாள். அவள் விரல்களில் அப்படியொரு பழக்கம் எங்கிருந்து வந்ததென்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் இடக்கையால் அமிழ்த்தினேன். கைக்குட்டை நழுவியது. அனிச்சையாக வலக்கை பாய்ந்து பிடித்தது, கட்டோடு, முழங்கை வரை.

பட்டறைப் பெண் பதறினாள். "ஐயையோ, காயத்துல சாயம் பட்டா எரியுமே! கழட்டுங்க, கழட்டுங்க!"

"எரியல. எனக்கு எரியவே இல்ல."

"கழட்டும்மா," என்றாள் கினுயோ அமைதியாக. "அவருக்கு வலி தாங்கற சுபாவம்."

கட்டு அவிழ்ந்தது. விரல்கள் நீலம், முழங்கை நீலம். நடுவில், கட்டு இருந்த இடம் மட்டும் குழந்தையின் கன்னம்போல வெள்ளையாக, வீக்கமின்றிப் பளபளத்தது.

"ஆறிடுச்சே!" என்றாள் கினுயோ. "அவுரி மருந்துன்னு சொல்வாங்க, இவ்வளவு சீக்கிரமாவா?"

மதியம் சோபாவை நீலக் கையால் உறிஞ்சினேன். அந்த ஊர் சோபா நல்லதென்று சொல்கிறார்கள். எனக்கு நூலைத் தின்றதுபோல இருந்தது. சக்கரத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம். உண்மை தெரிந்தால் சனிக்கிழமைகள் போய்விடும். கியோசா போய்விடும். மீதி ஆயுள் முழுதும் அவித்த முள்ளங்கி.

சூளை வீடு மேட்டின்மேல் இருந்தது. நுமாதா மாஸ்டர் என்பவர், காதுவரை மண் அப்பிய பெரியவர், எங்களைப் பாய் விரித்த அறையில் அமர்த்தினார். கினுயோவைப் பார்த்து அவர் தலை தாழ்த்தியது வழக்கத்தைவிட ஆழமாகத் தெரிந்தது. கஷ்கொட்டையை மசித்துத் துணியில் முறுக்கிய இனிப்பு ஒன்று வந்தது. பின்னாலேயே பச்சைத் தேநீர். மடித்த முழங்காலில் அமர்ந்து ஐந்து நிமிடத்தில் என் கால்கள் மரத்துவிட்டன. ஓடவும் வழியில்லை.

குடித்தேன். குடித்தபின் விருந்தாளி கிண்ணத்தைத் திருப்பி அடிவட்டத்தைப் பார்க்க வேண்டும், செய்தவரை விசாரிக்க வேண்டும். அதுதானே மரியாதை. திருப்பினேன்.

மூன்று கீறல்கள்.

எனக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தேன். கினுயோ வீட்டிலிருந்து என் கிண்ணமொன்றைப் பையில் கடத்தி வந்திருக்கிறாள்! 'என் வீட்டுக்காரர் செய்தது' என்று மாஸ்டரிடம் பெருமை பேசியிருக்கிறாள்!

"கிண்ணம் எப்படி இருக்குங்க, ஐயா?" மாஸ்டர் கேட்டார்.

என்ன சொல்ல? அடுத்தவர் பொருளானால் ஆஹா என்று புகழலாம். தன் பொருளைத் தானே புகழ்பவன் எங்கள் நாட்டில் மனிதனே அல்லன். வீட்டுக்கு விருந்தினர் வந்தால், பத்து உணவு சமைத்துவிட்டு 'ஒன்றுமே இல்லை' என்போம். கெட்டிக்காரப் பிள்ளையை மக்கு என்போம். ஆகவே நான் தலை குனிந்து, அடக்கத்தின் சிகரத்திலிருந்து பேசினேன்.

"பாக்கச் சகிக்கல. விளிம்பு கோணல். அடி செங்கல் கனம். செஞ்ச ஆளுக்குக் கை இருக்கிற இடத்துல கால் இருந்திருக்கும் போல. இதுல தேநீர் ஊத்தினது தேநீருக்கே அவமானம்."

மாஸ்டர் இருமினார்.

"அதைச் செஞ்சது," என்றார், "அகுட்சு அம்மாதான்."

அகுட்சு என்பது என் குடும்பப் பெயர். எந்த அகுட்சு அம்மா என்று தேடித் திரும்பினேன். கினுயோ மடியில் கைகோத்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கை இருக்கிற இடத்துல காலா?" என்றாள்.

"நீ... நீயா?"

"புதன்கிழமை அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொன்னேனே. போனது மண் வகுப்புக்குத்தான்."

"நீ எப்படி அந்த வகுப்புல...?"

"நீங்க சேர்ந்த இரண்டாவது மாசம் ஒரு சனிக்கிழமை அடைமழை. குடை எடுக்காம போயிட்டீங்க. வகுப்புக்குக் கொண்டு போய், 'அகுட்சு எங்க?'ன்னு கேட்டேன். அங்க பாடம் நடத்தறது இந்த மாஸ்டர்தான், அப்படி ஒருத்தர் இல்லவே இல்லைன்னாரு. குடையோட நான் நின்ன நிலை பாத்துட்டு, 'புதன்கிழமை ஒரு இடம் காலியா இருக்கு, உக்காருங்கம்மா'ன்னாரு. உக்காந்துட்டேன்."

"அந்த மூணு கோடு?"

"நம்ம வீட்டுப் பூனையோட மீசை. மண்ணாவது, நெருப்பாவது!"

மாஸ்டர் தம் முழங்கால்களைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"என் முதல் கிண்ணம் தட்டுல போன மூணாம் நாளே வித்துப் போச்சுன்னு இனோசே அம்மா ஃபோன் பண்ணாங்க. யாரோ ஒரு பெரியவர் ஆசையா வாங்கிட்டுப் போனாராம். எனக்கு அம்பத்தெட்டு வயசு. நான் செஞ்ச ஒண்ணை முகம் தெரியாத ஒருத்தர் விரும்பி வாங்கினது அதான் முதல் தடவை. உடனே பயறு ஊறவெச்சுச் சோறாக்கினேன். அந்தப் பெரியவர் அன்னைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்குள்ளயே செருப்பைக் கழட்டிட்டு வந்தாரு."

எனக்குச் சிரிக்கவும் தைரியமில்லை, அழவும் தைரியமில்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன்," என்றாள். குரல் முதன்முறையாகத் தாழ்ந்தது. "எத்தனையோ பேர் செஞ்சது அந்தத் தட்டுல இருந்துச்சு. பதினோரு தடவையும் என்னோடதை ஏன் எடுத்தீங்க?"

வாழ்க்கை எனக்குக் கயிறு போட்டது. பற்றிக்கொண்டேன்.

"அதுல ஒரு உயிர் இருந்துச்சு கினுயோ. என்னை இழுத்துச்சு."

"அப்படியா? 'இருக்கறதுலயே மோசமானது எதும்மா'ன்னு நீங்க கேட்டதா இனோசே அம்மா சொன்னாங்களே?"

கயிறு அறுந்தது. மரத்த கால்களோடு நான் பாயில் முன்னால் சாய்ந்து நெற்றி படக் கும்பிட்டேன். பாதி மன்னிப்பு, பாதி சமநிலை இழப்பு. அப்போதுதான், தப்பிக்க வேறு வழி இல்லாததால், அன்றைய ஒரே உண்மையைச் சொன்னேன்.

"வாங்கினது அப்படித்தான். ஆனா அந்த முதல் கிண்ணத்துல, பக்கத்துல ஒரு குழி இருக்கே, அதுல என் விரல் சரியா உக்காருது. இப்ப வேற எதுல குடிச்சாலும் எனக்குப் பிடி கிடைக்கறதில்ல. கோணல்னு தெரியும். ஆனா அதுலதான் தினமும் குடிக்கிறேன்."

கினுயோ தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"அந்தக் குழி என் கட்டைவிரல்," என்றாள். "பயத்துல அழுத்திட்டேன்." பிறகு தன் இனிப்பில் பாதியை வெட்டி என் தட்டில் வைத்தாள். யூரிக் அமிலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மன்னிப்பின் வெப்பத்தில் மனிதன் தேவைக்கு மேல் வாக்களிப்பான். நானும் வாக்களித்தேன்: "இனி கியோசா கிடையாது, பீர் கிடையாது. சனிக்கிழமை முழுக்க வீட்டுலயே உன் கூடவே இருக்கேன்."

அந்த நாளில் முதன்முறையாகக் கினுயோவின் முகத்தில் பீதியைக் கண்டேன்.

"ஐயோ, அது எதுக்கு? சனிக்கிழமை வகுப்புல உங்க பேரைக் கொடுத்தாச்சு. சும்மா சொல்லிட்டிருந்ததை நிஜமாச் செய்யுங்க. இல்லையா, மாஸ்டர்?"

"முதல் மூணு மாசம் மண்ணு பிசையறது மட்டும்தான்," என்றார் மாஸ்டர் கம்பீரமாக. "நாங்கள்லாம் பழைய முறை."

இது நடந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. சென்ற சனிக்கிழமை, நான்கு மணி நேரம் மண்ணோடு மல்லுக்கட்டிவிட்டு, நகக்கண்ணெல்லாம் சேறாக, பசியோடு வீடு திரும்பினேன். கினுயோவும் அவள் அக்காவும் அப்போதுதான் எங்கிருந்தோ வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இருவர் கன்னங்களும் பீர் குடித்தவர்களுடையதைப்போலச் சிவந்திருந்தன. நான் மூக்கை உறிஞ்சினேன். மறுபடி உறிஞ்சினேன்.

"கினுயோ, என்ன இது, பூண்டு வாசனை?"

அவள் என் சேற்றுக் கையை எடுத்து, முகர்ந்து பார்த்துவிட்டு, அனுதாபத்தோடு தலையசைத்தாள்.

"மஷிகோ மண்ணு அப்படிங்க."